கண்ணடிச்சானின் அரை மணித்தியாலம்

அக்கரப்பத்தனை
12.12.2023

அன்புள்ள தம்பி மதுசூதனனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழை வந்தால் கூடுகிறது, வெயில் வந்தால் குறைகிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, வெயிலில் அதிகம் அலையாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன மாதம் ஹட்டனில் உன் அம்மாவைக் கண்டேன். சித்தி உங்கள் கடையில் இருந்தார். "மது போனே எடுக்குறதில்லடி. ஒனக்காவது கடுதாசி போடுறானா?" என்று கேட்டார். போடுகிறான் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொய்யை உண்மையாக்குவது உன் பொறுப்பு.

போனில் பேசலாமே என்பாய். சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் லயத்து வீடுகளில் போனில் பேசுவதும் ஒலிபெருக்கியில் பேசுவதும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுச் சோலைமலை அண்ணன் நான் உன்னிடம் கேட்கிற கேள்விக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொல்வார். ஆகவே கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் நீ வந்தபோது, நட்சத்திரம் பார்த்து நேரம் எழுதிவைத்த என் ஏழு கொப்பிகளையும் பிஸ்கட் டின்னோடு தூக்கிக் கொடுத்தேன். படம் எடுத்துக்கொண்டு பொங்கலுக்குள் திருப்பி அனுப்புவதாகச் சொன்னாய். தை பிறந்தால் இங்கே மழை விட்டு வானம் வெளித்துவிடும். தெற்கு மலைக்கு மேலே கண்ணடிச்சான் ஏறிவிடுவான். பல்கலைக்கழகத்தில் நட்சத்திர ஆராய்ச்சி செய்கிற உனக்கு அவன் அட்டவணையில் ஒரு எண். இரண்டு நாளைக்கு மேல் ஒழுங்காக எரிந்துவிட்டு, ஆறு மணித்தியாலம் மங்கிக் கிடந்து, பிறகு ஒன்றும் நடக்காதவன் போல முழிக்கிற நட்சத்திரத்தைக் கண்ணடிச்சான் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

தேயிலைத் தோட்ட ஆபீசிலிருந்து பெரிய கிளாக்கர் ஐயா ஓய்வு பெற்றுப் போகும்போது அப்பாவிடம் கொடுத்த பைனாகுலரில் 2001இல் அவனை முதலில் பார்த்தேன். பக்கத்தில் வெளிச்சம் மாறாத இரண்டு நட்சத்திரங்களைப் பெரிய கணக்கப்பிள்ளை, சின்னக் கணக்கப்பிள்ளை என்று வைத்துக்கொண்டேன். வெளிச்சத்தில் இவன் இப்போது எந்தக் கணக்கப்பிள்ளையின் பக்கம் நிற்கிறான் என்று கால் மணிக்கு ஒரு தரம் எழுதினேன். 2012 வரை எழுதினேன். நீ விடுமுறைக்கு வந்தால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, குளிருது என்று அடுப்படிக்கு ஓடிவிடுவாய். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் விட்டுப்போனது. இந்தத் தையில் மறுபடி தொடங்க ஆசை. கடைசிக் கொப்பி இருந்தால்தான் அவன் என்றைக்கு மங்குவான் என்று கணக்குப் போடலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டுரை எழுதினால் என் பெயரும் உன் பெயரும் சேர்ந்து வரும் என்று அம்மா முன்னால் சொன்னாய். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற லோஜினி டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். பொ. இந்திராதேவி என்று போடு. அந்தப் 'பொ' கட்டாயம் வேண்டும், அது அப்பா. வாக்காளர் இடாப்பைத் தவிர என் பெயர் அச்சில் எங்கும் வந்ததில்லை. நாற்பத்தொரு வயதில் இப்படி ஓர் ஆசை. சிரிக்காதே.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

அன்புள்ள அக்கா,
இந்திரா


பிறிஸ்பேன்
16.01.2024

அன்புள்ள இந்திரா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெரியம்மாவுக்கு முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன். நான் சுகம். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. உங்கள் குளிரில் பாதியை அனுப்பினால் நன்றாயிருக்கும். பொங்கல் வாழ்த்துகள்.

அக்கா, உங்கள் கண்ணடிச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுக்குப் பிடிக்கும். அவன் ஓர் ஆள் இல்லை, இரண்டு ஆள். ஒன்று நீலவெள்ளை நட்சத்திரம். நம் சூரியனைப் போல மூன்று மடங்கு எடை, மேற்பரப்பில் பதினோராயிரம் பாகைச் சூடு. மற்றது செம்மஞ்சள், ஐயாயிரம் பாகைகூட இல்லை. உருவத்தில் இதுதான் பெரியது, ஆனால் எடை சூரியனை விடக் குறைவு. உள்ளே ஒன்றும் இல்லாமல் ஊதிப்போனது. இரண்டும் ஒன்றை ஒன்று இரண்டு நாள், ஒன்பது மணித்தியாலம், பதினொரு நிமிடத்தில் சுற்றி முடிக்கின்றன. நாம் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம். ஆகவே மங்கலானது வெளிச்சமானதை மறைக்கும்போதெல்லாம் அவன் கண்ணடிக்கிறான்.

அதிசயம் என்னவென்றால், ஆதியில் எடை கூடியதாக இருந்தது அந்தச் செம்மஞ்சள்தான். அது முதலில் வயதாகி, வீங்கி, தன் பொருளை மற்றதன் மேல் கொட்டத் தொடங்கியது. இன்று வெளிச்சமாகத் தெரிகிற நட்சத்திரம் தன் எடையில் பாதிக்கு மேல் மற்றதிடமிருந்துதான் பெற்றிருக்கிறது. அப்படிப் பொருள் மாறுகிறபோது சுற்றுகிற நேரமும் மாறும். அதனால்தான் வருடக்கணக்கில் யாராவது நேரம் எழுதி வைத்திருந்தால் அதற்கு இவ்வளவு மதிப்பு. இந்த நட்சத்திரத்துக்கு அந்த வருடங்களில் வேறு யாருமே எழுதவில்லை அக்கா. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

கொப்பிகளில் ஒரு பெரிய விஷயம் கிடைத்திருக்கிறது. என்னவென்று இப்போது சொல்ல முடியாது. வெளியில் ஒருவரிடமும் பேச வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கொப்பிகள் இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும். கடைசி நான்கு தேதிகளை மட்டும் கீழே எழுதியிருக்கிறேன், கணக்குக்கு அது போதும்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி,
மது


அக்கரப்பத்தனை
11.02.2024

அன்புள்ள தம்பிக்கு,

தைலமும் கடிதமும் ஒரே நாளில் வந்தன. அம்மா தைலத்தை முழங்காலில் தேய்த்துக்கொண்டு "மது கை ராசியான கை" என்கிறார். தேய்த்தது என் கை. அது கிடக்கட்டும், அம்மா சுகம், நானும் சுகம். காலையில் புல்லெல்லாம் உறைபனி. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைமடுவத்தில் என்னிடம் விட்டுப்போகிற குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகாத நாளில்லை. துடைத்தே என் கை தேய்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நான்காவது தரம் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்தேன். இரண்டு நட்சத்திரம் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் தம்பியா, புருசன் பொண்டாட்டியா?" தெரியாது என்றேன். "ஒண்ணு இன்னொண்ணுக்குக் கொடுக்குதுன்னா அக்கா தம்பியாத்தான் இருக்கும்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் ஒன்று, கொடுத்ததுதானே மங்கிப்போனது? வாங்கியது கணக்கு வைத்திருக்குமோ என்னவோ.

நீ எழுதிய தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்றாந் திகதி மாலை ஏழே காலிலிருந்து மங்க வேண்டும். அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பந்து விளையாடுகிற திட்டிக்குப் போனேன். கீழ் லயத்துப் பக்கம் சிறுத்தை வந்ததாகச் சொன்னதால் லோஜினியும் டோர்ச்சோடு துணைக்கு வந்தாள். ஏழரைக்குச் சின்னக் கணக்கப்பிள்ளையை நோக்கி இறங்கத் தொடங்கிவிட்டான். பன்னிரண்டு வருடம் கழித்தும் சொன்ன சொல் தவறவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லோஜினி குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெரிய விஷயம் என்ன? எனக்குக்கூடவா சொல்லக் கூடாது? எழுதியவளே நான்தானே. பேராசிரியரிடம் என்னைப் பற்றிச் சொன்னாயா? அவர் என்ன சொன்னார்? பெயர் விஷயத்தைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. மறந்திருப்பாய். 'பொ' மறக்காதே.

சித்தியோடு போனில் பேசு.

அன்புள்ள அக்கா,
இந்திரா


பிறிஸ்பேன்
20.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே. இங்கே மூச்சுவிட நேரமில்லை, ஆகவே நாலு வரி. கட்டுரை சஞ்சிகைக்குப் போய்விட்டது. நண்பர் ஜெயகாந்தன் ஊருக்கு வருகிறார். உங்களுக்கு ஒரு ஸ்வெட்டரும் பெரியம்மாவுக்கு ஒரு சால்வையும் கொடுத்துவிட்டிருக்கிறேன். இனிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிரில் நிற்காதீர்கள். நட்சத்திரங்களை இனி இயந்திரம் பார்த்துக்கொள்ளும், நீங்கள் உடம்பைப் பாருங்கள்.

மற்றவை பிறகு.

மது


அக்கரப்பத்தனை
05.05.2024

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்வெட்டர் வந்தது. நல்ல நிறம், கை கொஞ்சம் நீளம். ஜெயகாந்தன் தம்பி ஒரு வாய் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிவிட்டார். கொப்பியைப் பற்றிக் கேட்டேன், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். நீ நலமா? உன் நாலு வரி கிடைத்தது. பெயரைப் பற்றி நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை.

இங்கே மழை தொடங்கிவிட்டது. கண்ணடிச்சான் இனி அடுத்த தையில்தான். அம்மா சுகம். கட்டுரை வந்ததும் ஒரு பிரதி அனுப்பு. இங்கிலீஷில் இருந்தாலும் பரவாயில்லை, லோஜினி வாசித்துச் சொல்வாள். மேலே பெயர் இருக்கிற இடத்தை நானே வாசித்துக்கொள்வேன்.

அன்புள்ள அக்கா,
இந்திரா


அக்கரப்பத்தனை
02.06.2024

மதுவுக்கு,

அம்மா சுகம். என்னைப் பற்றி விசாரிக்காதே.

இன்று காலையில் லோஜினி ஞாயிற்றுப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை. "அக்கா, இதை நீங்க தனியா இருக்கிறப்ப பாருங்க" என்றாள். அரைப் பக்கத்துக்கு உன் படம். தலைப்பு 'லயத்திலிருந்து விண்மீன் வரை'. எந்த லயம், மது? நீ பிறந்தது ஹட்டன் பஜாரில், கடைக்கு மேல்மாடியில். லயத்தில் தொடர்ந்து மூன்று நாள் தங்கியதில்லை. கக்கூசுக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று சித்தியிடம் அழுது திரும்பிப் போன பிள்ளை நீ.

'பதின்மூன்று வயதில், தாயின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உறைபனியில் தன்னந்தனியாக நின்று' என்று எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவின் கம்பளி அது. பெரிய கணக்கப்பிள்ளை, சின்னக் கணக்கப்பிள்ளை என்று நட்சத்திரங்களுக்குப் பெயர் வைத்த குறும்புக்காரச் சிறுவனாம் நீ. கண்ணடிச்சான் என்ற பெயரையும் எடுத்துக்கொண்டாய். ஏழு கொப்பி, பதினொரு வருடம், 'என் கைப்பட எழுதினேன்' என்று சொல்லியிருக்கிறாய். என் பெயர் எங்கேயாவது ஓர் ஓரத்தில் இருக்கும் என்று கடைசி வரி வரைக்கும் தேடினேன். விளம்பரத்தைக்கூட விடாமல் பார்த்தேன்.

நீ ஒரு சொல் கேட்டிருந்தால் கொப்பியையே உனக்குத் தந்திருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தருகிறவளிடமிருந்து திருடியிருக்கிறாய்.

கண்டுபிடிப்பையும் படித்தேன். 2006 ஏப்ரலுக்கும் 2007 ஜனவரிக்கும் இடையில் ஒரு நட்சத்திரத்திலிருந்து மற்றதற்குப் பெருந்தொகைப் பொருள் ஒரே அடியாகப் பாய்ந்து, சுற்று குழம்பி, அதன் பிறகு கண்ணடிச்சான் எல்லாத் தடவையும் அரை மணித்தியாலம் பிந்தியே மங்கினான் என்று. உலகத்தில் வேறெங்கும் பார்க்காத விஷயம் என்று உன் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்வதாயில்லை.

அம்மா பத்திரிகையில் உன் படத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சோலைமலை அண்ணன் வீட்டுக்குக் காட்டப் போயிருக்கிறார். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொப்பியை அனுப்பு.

இந்திராதேவி


பிறிஸ்பேன்
01.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தப்படுத்திவிட்டது. நீங்கள் இப்படி நினைப்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் இரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை.

பத்திரிகைக்காரர்கள் எழுதுவதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. நான் ஒன்று சொன்னால் அவர்கள் பத்து எழுதுவார்கள். அதோடு அக்கா, நீங்களே யோசியுங்கள். பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிற ஒரு பெண், பல்கலைக்கழகம் போகாதவர், பைனாகுலரில் பார்த்து எழுதியது என்று சொன்னால் சஞ்சிகையில் ஒருவன் திரும்பிப் பார்ப்பானா? இந்தக் கொப்பிகளுக்கு ஒரு மரியாதை கிடைக்கவேண்டும் என்றுதான் செய்தேன். நானும் பார்த்தேன்தானே? விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் நாம் சேர்ந்துதானே பார்த்தோம்? எனக்கு அப்படித்தான் ஞாபகம். என் பட்டம் வந்துவிட்டால், அடுத்த கட்டுரையில் உங்கள் பெயரை நிச்சயம் போடுவேன். இது சத்தியம்.

இப்போது எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். சஞ்சிகைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். நேரம் எந்தக் கடிகாரத்தில் பார்க்கப்பட்டது, அது சரியான நேரம் காட்டியதா என்று அந்த வீட்டில் இருந்த ஒருவர் கையொப்பத்தோடு சொல்ல வேண்டுமாம். இத்தோடு ஒரு தாள் இருக்கிறது. மூன்றே வரி. நீங்கள் என் பெரியம்மாவின் மகள். 2001 முதல் நான் நட்சத்திரம் பார்த்ததை நேரில் கண்டீர்கள். வீட்டுக் கடிகாரம் நாளாந்தம் வானொலியோடு சரிபார்க்கப்பட்டு, இலங்கை நேரப்படியே ஓடியது. கீழே கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள். இந்தத் தாள் வராவிட்டால் எட்டு வருடப் படிப்பு வீணாகிவிடும். என் அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
மது


அக்கரப்பத்தனை
28.07.2024

மதுவுக்கு,

அம்மாவுக்கு ஒரு வாரமாக இருமல், இப்போது பரவாயில்லை. தாள் கிடைத்தது. கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேள்.

அரசாங்கம் 1996இல் நாட்டின் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது உனக்கு ஞாபகம் இருக்கும். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள். 2006 சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் பழைய நேரத்துக்கே வந்தார்கள். அந்தப் பத்து வருடமும் டவுனில் நீங்கள் புது நேரத்தில் இருந்தீர்கள். சித்தப்பா கடை திறந்ததும் நீ டியூசன் போனதும் புது நேரம். எங்கள் வீட்டில் கடிகாரத்தை மாற்றவேயில்லை. மாரியம்மன் கோயிலில் மணி அடித்தவர் அப்பா. "ராகுகாலத்த மாத்த கவர்மெண்டால முடியுமா? அப்ப நான் மட்டும் எதுக்கு மாத்தணும்?" என்று பழைய நேரத்துக்கே மணி அடித்தார். வேலைக்குப் பெயர் கொடுக்கிற ஆறு மணிப் பெரட்டுக்கு ஆட்கள் போய் நிற்கும்போது எங்கள் வீட்டில் ஐந்தரை. லயம் முழுக்க அப்படித்தான் பழகியது. நீ வந்தால் உன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, ஒங்க கடிகாரம் ஸ்லோ" என்பாய். அவர் சிரிப்பார்.

நான் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். என் நேரம் ஒரு நிமிடம்கூட மாறவில்லை. நீ என்ன செய்தாய்? 2006 ஏப்ரலுக்கு முந்தியதெல்லாம் புது நேரம் என்று நினைத்து, உலக நேரத்துக்கு மாற்றும்போது அரை மணித்தியாலம் கூடுதலாகக் கழித்திருக்கிறாய். பிந்தியதில் கழிக்கவில்லை. அதனால்தான் அரை மணித்தியாலம் குதித்தது. பொருளும் பாயவில்லை, சுற்றும் குழம்பவில்லை. கண்ணடிச்சான் அவன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தான்.

இதையெல்லாம் ஒவ்வொரு கொப்பியின் முதல் பக்கத்திலும் எழுதியிருக்கிறேன். மேலே என் பெயர், அதற்குக் கீழே தோட்டம், டிவிசன், அதற்கும் கீழே 'இதிலுள்ள நேரமெல்லாம் பழைய நேரம், கோயில் மணிப்படி'. ஏழு கொப்பியிலும் இருக்கிற வரி. எட்டு வருடம் படித்தவன் அதை எப்படி வாசிக்காமல் விட்டாய்?

உண்மையைச் சொல்கிறேன். பத்திரிகை பார்த்த அன்றே எனக்கு இது தெரிந்துவிட்டது. மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் சொல்லாமல் விட்டேன். இரண்டு மாதம் நன்றாகத் தூங்கவில்லை. என் மேல் நீ பொய் சொன்னது எனக்கும் உனக்கும் உள்ள விஷயம். நட்சத்திரத்தின் மேல் பொய் நிற்கக் கூடாது. முதல் பக்கத்தைப் பேராசிரியரிடம் காட்டு. திருத்து. எழுதியவள் யார் என்றும் சொல். அவ்வளவு செய்தால் சித்தியிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தை பேசமாட்டேன். அம்மா ஒன்றும் அறியமாட்டார்.

பதில் போடு.

இந்திரா


பிறிஸ்பேன்
21.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பெரியம்மாவின் இருமல் குணமாகியிருக்கும். நான் சுகம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நேர விஷயத்தைச் சரியான சமயத்தில் சொன்னீர்கள், மிக்க நன்றி. சஞ்சிகையில் திருத்தம் வெளியாகிவிட்டது. பேராசிரியர் முதலில் கடுமையாகக் கோபப்பட்டார். நிலைமையை விளக்கியதும் ஏற்றுக்கொண்டார். அரை மணித்தியாலத்தைக் கழித்துவிட்டாலும் பதினொரு வருடத் தரவு தனியே ஒரு பெறுமதிதான், பட்டத்துக்கு அது போதும் என்கிறார். மார்ச்சில் பட்டமளிப்பு.

திருத்தத்தின் பிரதியை இத்தோடு வைத்திருக்கிறேன். சில விஷயங்களை அப்படித்தான் எழுத வேண்டியிருந்தது, வேறு வழியில்லை. நீங்கள் தப்பாக எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஒரு விதத்தில், நீங்கள் ஆசைப்பட்டபடி உங்கள் பெயரும் அச்சில் வந்துவிட்டது. 'பொ' போட்டிருக்கிறேன்.

கொப்பிகள் ஜெயகாந்தன் கையில் வருகின்றன. பெரியம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் தம்பி,
மது


அக்கரப்பத்தனை
17.11.2024

மதுசூதனனுக்கு,

கொப்பிகள் கிடைத்தன. அதை அறிவிப்பதற்காக இந்தக் கடிதம்.

திருத்தத்தை லோஜினி வாசித்துத் தமிழில் சொன்னாள். இரண்டு தரம் சொல்லச் சொன்னேன். 'ஆய்வாளர் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், வீட்டுக்குள்ளிருந்து நேரத்தைச் சொன்னவர் அவருடைய உறவினரான பொ. இந்திராதேவி என்னும் தோட்டத் தொழிலாளி. நாட்டின் நேரம் மாறியது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிழை அதனால் நேர்ந்தது.' வாசித்துவிட்டு லோஜினி தாளைக் கீழே வைத்தாள். நான் எடுத்தேன். பெயர் இருந்த இடத்தை நானே எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டேன். எழுத்துப் பிழை இல்லை.

அதற்குப் பிறகுதான் கொப்பிகளைப் பிரித்தேன். முதல் கொப்பியில் முதல் பக்கம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. ஏழையும் பிரித்துத் தரையில் வைத்துப் பார்த்தேன். பிளேடு வைத்துத் தையலோடு ஒட்டி வெட்டியிருக்கிறாய், நல்ல நேரான வெட்டு. இப்போதுதான் விளங்குகிறது. என் பெயரைக் கண்டதும் வெட்டியிருக்கிறாய். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட உனக்குப் பொறுமை இருக்கவில்லை. அந்தப் பக்கத்தை விட்டுவைத்திருந்தால் உன் கணக்கும் பிழைத்திருக்காது. ஏழு இடத்தில் வெட்டி எடுத்த பெயரை ஒரே ஓர் இடத்தில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறாய்.

பேராசிரியருக்கு எழுதலாம் அக்கா, நான் இங்கிலீஷில் எழுதித் தருகிறேன் என்று லோஜினி நிற்கிறாள். எதைக் காட்டி எழுதுவது? என்னுடையது என்று சொல்ல இருந்த பக்கங்கள் உன் கையில். கையெழுத்தைக் காட்டலாம் என்கிறாள். அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய், நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்பாய். இப்போது எனக்கு உன்னை நன்றாகத் தெரியும்.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். என் பெயரை மட்டும் நீ எடுத்திருந்தால் எனக்கு நட்சத்திரமாவது மிஞ்சியிருக்கும். இரண்டு மாதத்தில் தை பிறக்கும், வானம் வெளிக்கும். எனக்குத் திட்டிக்குப் போக இஷ்டமில்லை. அவனைப் பார்த்தால் உன் ஞாபகம் வரும்.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா பாயிலிருந்து, "யாருக்குடி எழுதுற, மதுவுக்கா? நான் கேட்டதா ஒரு வரி எழுது" என்றார். மதுவுக்கு இல்லை அம்மா, கொப்பி வாங்கிக்கொண்டு போன ஓர் ஆளுக்கு என்று சொல்லிவிட்டேன்.

பொ. இந்திராதேவி